சப்டைட்டில் இருக்கு, ஆனா எந்த மொழியில்? பெர்லின் தியேட்டர் அனுபவங்கள்

பெர்லினுக்கு வந்து இரண்டாவது மாதம். ரொட்டிக் கடையில் விரலை நீட்டி 'இது ஒன்று' என்று சொல்லும் அளவுக்குத்தான் எனக்கு ஜெர்மன் தெரியும். நொய்கோல்னில் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு சின்னத் தியேட்டர். ஜப்பானியப் படம், சப்டைட்டில் உண்டு என்று போட்டிருந்தார்கள். சப்டைட்டில் என்றால் இங்கிலீஷ்தானே என்று நம்பி டிக்கெட் எடுத்துவிட்டேன்.

படத்தில் ஒரு பாட்டி ஜப்பானிய மொழியில் ஏதோ சொன்னார். கீழே ஜெர்மனில் எழுத்து ஓடியது. எழுந்து போகலாம் என்றால் வரிசைக்கு நட்டநடுவில் உட்கார்ந்திருக்கிறேன், இடைவேளை என்ற வழக்கமே இங்கே கிடையாது. இரண்டு மணி நேரத்தில் எனக்குப் புரிந்த ஒரே சொல் 'நைன்', அதாவது 'மாட்டேன், இல்லை'. பாட்டி அதை நிறையச் சொன்னார்.

மறுநாள் ஆபீஸில் இதைச் சொன்னபோது கூட வேலை பார்ப்பவர் சிரித்துவிட்டு, படத்தின் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் எழுத்தைப் பார்க்கவில்லையா என்றார். டிஎஃப் என்றால் ஜெர்மன் டப்பிங். ஓவி என்றால் மூல மொழி மட்டும். ஓஎம்யூ என்றால் மூல மொழியோடு ஜெர்மன் எழுத்து. ஓஎம்ஈயூ என்றால்தான் இங்கிலீஷ் எழுத்து. நடுவில் ஒரு குட்டி 'ஈ', அவ்வளவுதான் வித்தியாசம்.

இங்கே டப்பிங்தான் ராஜா. ராபர்ட் டி நீரோவுக்குப் பல வருடங்களாக ஜெர்மனில் குரல் கொடுப்பவர் கிறிஸ்டியன் ப்ரூக்னர். டி நீரோவின் சொந்தக் குரலைக் கேட்டால்தான் போலியாகத் தெரிகிறது என்று அதே ஆபீஸ் நண்பர் சத்தியம் செய்கிறார். இங்கிலீஷ் எழுத்தோடு படம் போடும் இல் கினோ, வோல்ஃப் மாதிரி சின்னத் தியேட்டர்கள் இல்லையென்றால் நம்மைப் போன்றவர்கள் பாடு திண்டாட்டம்தான். உங்களுக்கும் இப்படி நடந்திருக்கிறதா?

*

எனக்கு நேர்மாறான அனுபவம். கணவருடன் வந்து ஒரு வருடம் வீட்டிலேயே இருந்தேன், அப்புறம்தான் ஜெர்மன் வகுப்பு. டீச்சர் சொல்லி, ஜெர்மன் படங்களை ஓஎம்ஈயூவில் பார்க்க ஆரம்பித்தேன். முதல் நாளே ஒன்றைக் கவனித்தேன். ஒவ்வொரு ஜோக்குக்கும் அரங்கில் சிரிப்பு இரண்டு தடவை வந்தது. சப்டைட்டில் முழு வாக்கியத்தையும் ஒரே வீச்சில் கொட்டிவிடுவதால் படிப்பவர்கள் முதலில் சிரித்துவிடுகிறார்கள். ஜெர்மனில் பல வாக்கியங்களில் நம் தமிழ் மாதிரியே வினைச்சொல் கடைசியில்தான் வந்து விழும். காதால் கேட்பவர்கள் அதுவரை காத்திருந்து சிரிக்கிறார்கள்.

ஏழெட்டு மாதம் கழித்து ஒரு நாள் நானும் இரண்டாவது கோஷ்டியோடு சேர்ந்து சிரித்தேன். அன்றைக்கு வீட்டில் பாயசம் வைத்தேன், நம்புங்கள்!

கோடையில் க்ராய்ட்ஸ்பெர்க்கில் பெத்தானியன் முற்றத்துத் திறந்தவெளி அரங்குக்கும் போய்ப் பாருங்கள். ஜூனில் இருட்டவே ஒன்பதரை தாண்டிவிடும் என்பதால் கடைசி ரயிலைப் பார்த்துக்கொள்ளுங்கள். போர்வை கட்டாயம்.

*

தமிழைத் தமிழனே சப்டைட்டிலோடு பார்த்த கதையை யாரும் சொல்லவில்லையே. 2024 பிப்ரவரியில் பெர்லினாலே திரைப்பட விழாவின் ஃபோரம் பிரிவில் பி.எஸ். வினோத்ராஜின் 'கொட்டுக்காளி'. டிக்கெட் மூன்று நாள் முன்னால் காலை 10 மணிக்கு ஆன்லைனில் திறக்கும். நான் 9:58லிருந்து பக்கத்தைத் தட்டிக்கொண்டே இருந்தேன்.

படத்தில் பின்னணி இசையே இல்லை. அரங்கில் யாராவது இருமினால்கூடக் கேட்கிறது. எனக்குக் காது போதும், ஆனால் கண் கீழே போவதை நிறுத்த முடியவில்லை. எங்கள் மதுரைப் பக்கத்து வசவு முழு நீளத்துக்கு வந்து விழும், கீழே பார்த்தால் ஒற்றை இங்கிலீஷ் வார்த்தையாக ஒடுங்கிக் கிடக்கும். மற்றவர்கள் சும்மா இருந்த இடத்தில் நான் மட்டும் சிரித்து இரண்டு மூன்று பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

படம் முடிந்ததும் பக்கத்து ஜெர்மன் பாட்டி தலைப்புக்கு என்ன அர்த்தம் என்று கேட்டார். பிடிவாதக்காரி என்றேன். ஆனால் எங்கள் வீட்டில் அந்தச் சொல்லைச் சொல்லும்போது கூடவே ஒரு கை ஓங்கும், அதையும் செய்து காட்டினேன். "ஆ, ஸோ" என்று தலையாட்டினார். அவர் வீட்டிலும் அப்படி ஒரு கை இருந்திருக்கும் போல.

*

முதலில் எழுதியவன்தான். அந்த ஜப்பானியப் படத்தைப் போன வாரம் ஓஎம்ஈயூவில் மறுபடி போட்டார்கள், போனேன். பாட்டி வீட்டை விற்க மாட்டேன் என்று அடம்பிடிக்கிறார் என்று இத்தனை நாளும் எல்லோரிடமும் கதை சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் வேண்டாம் வேண்டாம் என்று தள்ளியது மருமகள் வைத்த சூப்பை.