நுங்கும் இளநியும்: ‘வேறுபடுத்துக’ன்னா திணறும் பிள்ளைக்கு

பாளை, சிறப்பாசிரியர்:
எட்டு வயசுப் பையன், மொழி வளர்ச்சிக் குறைபாடு. காது நல்லா கேக்கு. நுங்கையும் இளநியையும் முன்னால வச்சு வித்தியாசம் கேட்டா, “நுங்கு கறுப்பு, இளநிய குடிக்கலாம்”னு சொல்லுதான். ஒத்துமை கேட்டா பேச்சே இல்ல. வென் வரைபடம் (ஒண்ண ஒண்ணு வெட்டிக்கிடுற ரெண்டு வட்டம்) போட்டா இன்னும் குழம்புதான். எங்க ஆரம்பிக்க?

தென்காசி, பேச்சுப் பயிற்சியாளர்:
டீச்சர், அவன் சொன்ன ரெண்டும் சரிதான். ஆனா ஒண்ணு நிறம், இன்னொண்ணு பயன். எதை வச்சு ஒப்பிடணும்னு தேர்ந்தெடுக்கணும், அதை ரெண்டுலயும் பாத்து மனசுல நிறுத்தணும், அப்புறம் வாக்கியம் கட்டணும். மூணு வேலையும் ஒண்ணா வரும்போது முதல் வேலை நழுவிருது. அதை நீங்க செஞ்சு குடுங்க.

நாலு அட்டை போதும்: எந்த மரம்? தோல் என்ன நிறம்? உள்ள என்ன இருக்கு? என்ன செய்வோம்? ஒரு நேரத்துல ஒரே அட்டைதான் வெளிய இருக்கணும். நுங்குக்கும் பதில் வந்து, இளநிக்கும் வந்த பெறவு அடுத்தது. பதில் வேறயா வந்தா ‘ஆனா’: “நுங்கு பனையில காய்க்கும், ஆனா இளநி தென்னையில காய்க்கும்.” ஒண்ணா வந்தா “ரெண்டுலயும் தண்ணி இருக்கு.” காய வெட்டிக் காட்டுங்க, படத்துல தண்ணி தெரியாது.

வட்டத்த இப்போ ஒதுக்கி வைங்க. வெட்டிக்கிடுற இடம் ரெண்டுக்கும் பொதுங்கிறதே தனிப் பாடம்.

ஒத்துமை வராததுக்கு வேற காரணம். வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். ஒத்துமை சொல்லப் பெரும்பாலும் காய், பாத்திரம், வண்டின்னு வகைப்பேர் வேணும். காயும் பாத்திரமுமா பத்துச் சாமானக் குடுத்து, பேசாம வகைவாரியா ரெண்டு பெட்டியில பிரிச்சுப் போடச் சொல்லுங்க. சரியாப் பிரிச்சா விஷயம் தெரியுது, வகைப்பேருதான் அவன்கிட்ட இல்ல.

பாளை, சிறப்பாசிரியர்:
‘விட’ எப்போ? “செவப்ப விட பச்சை பெருசு”ன்னு சொல்லி எது பெருசுன்னு கேட்டா செவப்பக் காட்டுதான்.

அம்பை, மொழிப் பயிற்சி:
அதக் கடைசியா வைங்க. தமிழ்ல ‘பெருசு’ங்கிற சொல்லு மாறாம அப்படியே நிக்கும். எதைவிட எதுங்கிற சேதி முழுக்க ‘ஐ’ உருபுலயும் ‘விட’யிலயும்தான் இருக்கு. பேச்சுல அந்த ‘ஐ’ தேஞ்சு ‘செவப்ப’ன்னு ஆயிருது. உருபு காதுல நிக்கலன்னா, முதல்ல வந்த பேரையே பெருசுன்னு எடுத்துக்கிடுவான்.

சின்னதும் பெருசுமா ரெண்டு பொருள முன்னால வச்சுச் சோதிக்காதீங்க. வாக்கியத்தக் கேக்காமலே பெருசக் காட்டிருவான். களிமண் குடுத்து, “செவப்பு உருண்டைய விட பச்சை உருண்டை பெருசா இருக்கணும்”னு உருட்டச் சொல்லுங்க, அப்போ தெரிஞ்சிரும். “பச்சை செவப்ப விட பெருசு”ன்னு வரிசைய மாத்தியும் சொல்லணும். இல்லன்னா வரிசையத்தான் மனப்பாடம் பண்ணுவான்.

தென்காசி, பேச்சுப் பயிற்சியாளர்:
ஒண்ணு விட்டுப்போச்சு. அடுத்த ஜோடின்னு கருப்பட்டியையும் வெல்லத்தையும் எடுத்துராதீங்க. ஒண்ணு பதனியில, இன்னொண்ணு கரும்புச்சாறுல செய்யுறதுங்கிற வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. ஒத்துமைக்கு மட்டும் நல்ல ஜோடி அது. பள்ளிக்கூட ‘வேறுபடுத்துக’ அட்டவணையில ஒவ்வொரு வரிக்கும் இடது ஓரத்துல அட்டைக் கேள்விய எழுத வைங்க. அது இல்லாமத்தான் வரி ஒண்ணுக்கொண்ணு பொருந்தாமப் போகுது.