நுழைவு வளைவுக்கு ஒரு வாசகம்: தேவையா, தண்டச் செலவா?

கடைமடைக்காரன்:
எங்க ஊர் எல்லையில புது வளைவு கட்டுறாங்க. "வருக வருக"வுக்குக் கீழ ஊருக்குன்னு ஒரு குறிக்கோள் வாசகம் போடலாமான்னு பேச்சு. நான் வேணும் கட்சி. பாரிஸ் நகரத்துக்கு லத்தீன்ல ஒண்ணு உண்டு: "அலையில ஆடும், மூழ்காது." சேன் ஆத்துப் படகு வியாபாரிகளோட முத்திரைக் கப்பல்தான் நகரச் சின்னம். வாசகம் 1853-ல அதிகாரபூர்வமாச்சு. 2015 நவம்பர்ல தாக்குதல் நடந்தப்ப சனங்க அதைத்தான் சுவத்துல எழுதினாங்க. நமக்கும் ஆறு இருக்கு.

வாய்க்கால்வரப்பு:
ஆறு இருக்குண்ணே, தண்ணி? மேட்டூர் தெறந்தா எங்க மதகுக்கு வர்றதுக்குள்ள நாத்து முத்திடும். ஐப்பசி மழைக்கு எங்க தெருமுனைச் சாக்கடையில வாழைமட்டையும் பால் பாக்கெட்டும் அடைச்சு, இன்னும் யாரும் எடுக்கல. வளைவுல எழுத்து மின்னும், கீழ முழங்கால் தண்ணி.

கடைமடைக்காரன்:
எதைச் சொன்னாலும் சாக்கடைக்கே வந்துடுற தம்பி.

புகார்ப்பொண்ணு:
நான் அண்ணன் பக்கம். 1658 முதல் 1781 வரை நாகப்பட்டினத்தை வெச்சிருந்தாங்களே டச்சுக்காரங்க, அவங்க நாட்டுல சீலாந்துன்னு ஒரு மாகாணம். நம்மள மாதிரியே கழிமுகப் பூமி. சின்னத்துல ஒரு சிங்கம், பாதி உடம்பு அலைக்குள்ள. கீழ "போராடி மேலெழுகிறேன்." 2004-ஐப் பார்த்த நமக்கு அது புரியாதா?

வாய்க்கால்வரப்பு:
புரியுதுக்கா. ஆனா அந்த வாசகம் இருந்தும்தான் 1953-ல கடல் கரையை உடைச்சு உள்ள வந்துச்சு. அந்த நாட்டுல மட்டும் 1,800 பேருக்கு மேல செத்தாங்க. அப்புறம் அவங்க புதுசா வாசகமா எழுதினாங்க? டெல்டா திட்டம்னு அணையும் தடுப்பும் கட்டினாங்க. பல வருஷ வேலை.

ஓய்வுபெற்ற வாத்தியார்:
லத்தீனும் சிங்கமும் எதற்கு? நம் மாநிலச் சின்னத்தில் "வாய்மையே வெல்லும்". தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் "உள்ளுவதெல்லாம் உயர்வுள்ளல்" என்று குறளை எடுத்துக்கொண்டது. நமக்குப் புறநானூற்று 18-ஆம் பாட்டு இருக்கிறது: "உணவெனப்படுவது நிலத்தொடு நீரே." டெல்டாவுக்கு இதைவிட வேறென்ன?

நெல்லுமூட்டை:
சார், அது பாண்டியன் நெடுஞ்செழியனைப் பாடினது. சோழநாட்டு வளைவுலயா?

ஓய்வுபெற்ற வாத்தியார்:
பாட்டு பாண்டியனுக்கு, சோறு எல்லோருக்கும்.

வாய்க்கால்வரப்பு:
அந்தப் பாட்டை முழுசாப் படிங்க சார். பள்ளம் இருக்கிற இடத்துல தண்ணியைத் தேக்கி வைன்னுதான் குடபுலவியனார் ராஜாவுக்குச் சொல்றார். அவரே என் கட்சி!

நெல்லுமூட்டை:
நான் ரெண்டு கட்சியும் இல்ல. எங்க தாத்தா களத்துல மரக்காலால நெல் அளக்கும்போது "ஒண்ணு"ன்னு சொல்லவே மாட்டார். மொதல் மரக்காலை உள்ளங்கையால வழிச்சுத் தள்ளிட்டு, "லாபம்"பார். அப்புறம்தான் "ரெண்டு, மூணு". பாதி நெல்லு பதரா போய், கடன்காரன் களத்து மேட்டுலயே உக்காந்திருந்த வருஷமும் "லாபம்"தான். ஐரோப்பாவுல பெரிய குடும்பங்க கேடயத்துல வாசகம் பொறிச்சு வெச்சுக்குவாங்களாமே, எங்க வீட்டுக்கு அந்த ஒரு சொல்லுதான். அதை யாரும் தீர்மானம் போட்டு வைக்கல. வளைவுல எழுதினாத்தான் வாசகமா?

புகார்ப்பொண்ணு:
எங்க அப்பாயியும் அப்படித்தான் எண்ணும். மறந்தே போயிருந்தேன்.

கடைமடைக்காரன்:
"லாபம்"னு போட்டா ஜவுளிக்கடை விளம்பரம்னு நெனச்சுக்குவாங்கப்பா. வாத்தியார் வரியே இருக்கட்டும். பெயிண்டர் எழுத்துக்கு இவ்வளவுன்னு கேக்குறார், மொத்தம் எத்தனை வரும்?

வாய்க்கால்வரப்பு:
பதினாறு. அந்தக் காசுக்கு ரெண்டு ஆளை விட்டு எங்க தெருமுனையைத் தூர்வாரிடலாம், இப்பவே சொல்லிட்டேன்.

ஓய்வுபெற்ற வாத்தியார்:
"னப்ப"வில் உள்ள ஒற்றையும் சேர்த்துத்தான் பதினாறு. அதை விட்டுவிடச் சொல்லாதீர்கள். நூலகப் பலகையில் ஒற்று விழுங்கியவரும் இதே பெயிண்டர்தான்.