லாட்டிஸ் குறியாக்கத்தை வேகமாக்கப் போனவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

பிட்நகர்த்தி

குவாண்டம் கணினியும் உடைக்க முடியாதபடி இரு பக்கமும் ஒரே ரகசியச் சாவியைப் பெற உதவும் லாட்டிஸ் முறையான பழைய கைபர், எம்எல்-கெம் என்ற பெயரில் 2024 ஆகஸ்டில் ஃபிப்ஸ் 203 என்ற அமெரிக்க அரசுத் தரநிலையாக வந்துவிட்டது. அதைக் கையால் எழுதியவர்கள், சின்ன சிப்புக்கு மாற்றியவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பீர்கள். எதில் நேரம் போனது, எது உங்களை ஏமாற்றியது என்று எழுதுங்கள். நானே தொடங்கிவிடுகிறேன்.

நான் செய்தது கார்டெக்ஸ் எம்4 என்ற சின்ன 32-பிட் சிப்பில், எம்எல்-கெம்-768 அளவுருவுக்கு. எந்தக் கட்டுரையைத் திறந்தாலும் என்டிடி (பல்லுறுப்புக்கோவைகளை வேகமாகப் பெருக்கும் உருமாற்றம்), என்டிடி என்றுதான் இருக்கும், அதனால் அங்கேதான் நேரம் போகும் என்ற எண்ணத்தோடு, எங்கே நேரம் போகிறது என்று அளக்கும் ப்ரொஃபைலரைப் போட்டேன். என்டிடியை அசெம்பிளியில் எழுதி முடித்ததும் பார்த்தால் பாதிக்கு மேல் நேரத்தைத் தின்பது கெச்சாக், அதாவது ஷேக் என்ற ஹேஷ் சார்பின் உட்கரு! காரணம் எளிது. பொதுச் சாவியில் சேர்ந்த ஏ என்ற அணியை யாரும் முழுதாக அனுப்புவதில்லை, 32 பைட் விதையை மட்டும் அனுப்பி, ஷேக்128 வைத்து இரண்டு பக்கமும் விரித்துக்கொள்கிறோம். 3×3 அணி, ஒன்பது பல்லுறுப்புக்கோவை, ஒவ்வொன்றிலும் 256 கெழு. ஷேக்கின் ஒரு சுற்றில் 168 பைட் வரும், மூன்று பைட்டுக்கு இரண்டு 12-பிட் எண் வீதம் 112 எண். எல்லாக் கணக்கும் 3329-ஆல் வகுத்த மீதியில்தான், அதனால் 3329-ஐத் தொட்டதும் தாண்டியதும் குப்பைக்கு, கிட்டத்தட்ட ஐந்தில் ஒன்று அப்படிப் போகும். ஆக ஒரு கோவைக்குக் குறைந்தது மூன்று சுற்று, அணிக்கு மட்டும் 27. டீகேப்ஸில், அதாவது பெறுபவர் சாவியைப் பிரித்தெடுக்கும் படியில், மறுபடி குறியாக்கிச் சரிபார்க்க வேண்டும் என்பதால் அங்கேயும் இதே கூத்து.

கெச்சாக்கின் நிலை 1600 பிட், எல்லாம் 64-பிட் சொற்கள். 32-பிட் சிப்பில் ஒவ்வொரு சுழற்றலும் இழுபறிதான். இரட்டைப்படை பிட்டுகளை ஒரு சொல்லிலும் ஒற்றைப்படை பிட்டுகளை இன்னொன்றிலும் பிரித்து வைத்தால் 64-பிட் சுழற்றல் இரண்டு 32-பிட் சுழற்றலாகிவிடும், எம்4-இல் சுழற்றல் ஏறக்குறைய இலவசம். என்டிடியில் வியர்வை சிந்துவதற்கு முன் இதைச் செய்யுங்கள் என்பதுதான் என் கட்சி.

குறைநினைவகம்

உங்களுக்கு நேரம் பிரச்சினை, எனக்கு ஸ்டாக், அதாவது தற்காலிக நினைவகம். அந்த ஒன்பது கோவையையும் வைத்துக்கொள்ள 4608 பைட் வேண்டும், என்னிடம் இருந்த ரேமில் மற்ற வேலைகளும் ஓட வேண்டும். அதனால் அணியை எங்குமே சேமிப்பதில்லை. ஷேக்கிலிருந்து கெழு வர வர அப்படியே பெருக்கிக் கூட்டிவிட்டு மறந்துவிடுகிறேன். டீகேப்ஸிலும் அப்படித்தான், மறுபடி குறியாக்கும்போது வரும் இரண்டாவது சைபர்டெக்ஸ்ட்டுக்கு (குறியாக்கிய செய்திக்கு) 1088 பைட் ஒதுக்காமல், துண்டு துண்டாக உருவாக்கி வந்ததோடு ஒப்பிட்டு, வேறுபாட்டை ஒரே மாறியில் ஆர் (OR) போட்டுக்கொண்டே போகிறேன். நடுவில் வேறுபாடு தெரிந்தாலும் நிறுத்தக் கூடாது, எடுக்கும் நேரமே ரகசியத்தைக் காட்டிக்கொடுக்கும், கடைசி வரை ஓட வேண்டும்.

இன்னொன்று. 3329-இல் ஒன்று குறைத்தால் வரும் 3328 என்பது 2^8 × 13, அதனால் என்டிடி ஏழு அடுக்கோடு நின்றுவிடும். முடிவில் தனித்தனி எண்கள் கிடைப்பதில்லை, முதல்படிக் கோவைகள் 128 கிடைக்கும், அவற்றைச் சோடி சோடியாகப் பெருக்க வேண்டும். முதலில் பார்க்கும்போது அசிங்கமாகத் தெரியும். ஆனால் எம்4-இல் இரண்டு 16-பிட் பெருக்கலைச் செய்து கூட்டியும் தரும் கட்டளைகள் இருக்கின்றன, அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி அதில் உட்கார்ந்துவிடும்.

நான்குவழி

சர்வர் பக்கத்துக் கதை வேறு. பல எண்களை ஒரே கட்டளையில் கையாளும் ஏவிஎக்ஸ்2-இல் ஒரு பதிவேட்டில் 16 கெழு, நான்கு கெச்சாக்கை ஒரே நேரத்தில் ஓட்டலாம். அதைச் செய்தபின் கணக்கு நேரம் எங்கள் பட்டியலிலிருந்தே காணாமல் போனது. மீதியிருந்தது பைட்டுகள். வழக்கமான நீள்வட்ட வளைவு முறையான எக்ஸ்25519-இன் பொதுச் சாவிக்கு 32 பைட் போதும், எம்எல்-கெம்-768-க்கு 1184. இரண்டையும் சேர்த்து அனுப்பினால் இணையத் தொடர்பைப் பாதுகாக்கும் டிஎல்எஸ்ஸின் முதல் செய்தி ஒரே பாக்கெட்டில் அடங்காது. எங்களுக்கும் வாடிக்கையாளருக்கும் நடுவில் இருந்த ஏதோ ஒரு நெட்வொர்க் பெட்டி, முதல் செய்தி முழுதாக ஒரே மூச்சில் வரும் என்று நம்பி எழுதப்பட்டது போல, இரண்டாகப் பிரிந்து வந்ததும் இணைப்பை வெட்டிவிட்டது. சைக்கிள் எண்ணிச் சேமித்த பிறகு இதைத் தேடியதுதான் எனக்கு அதிக வேலை.

மாறாநேரம்

வேகத்தைப் பற்றியே பேசுகிறோம், கம்பைலரைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லையே. நான் இன்னொருவருடைய குறியீட்டைத் தணிக்கை செய்யும் வேலையில் இருக்கிறேன். மூல நிரலைப் படிப்பது தொடக்கம் மட்டும்தான், வெளிவந்த அசெம்பிளியைப் படிக்காமல் கையெழுத்துப் போட மாட்டேன். கைபர்ஸ்லாஷ் என்ற ஓட்டை நினைவிருக்கும், 2023 முடிவில் வெளியே வந்தது. அதன் முதல் வடிவம், ரகசிய எண்ணை 3329-ஆல் வகுக்கும் ஒரே ஒரு வரி. வேகத்துக்காகத் தொகுத்தால் கம்பைலரே அதைப் பெருக்கலாக மாற்றிவிடும், அளவைக் குறைக்கச் சொன்னால் பல இடங்களில் நிஜமான வகுத்தல் கட்டளையைப் போட்டுவிடும், அதன் நேரம் எண்ணைப் பொறுத்து மாறும், நேரத்தை அளந்தே ரகசியத்தை ஊகிக்கலாம். திருத்தம் 80635-ஆல் பெருக்கி 28 பிட் நகர்த்துவது.

2024-இல் அதற்கு நேர்மாறாக ஒன்று. ரகசியத்தைப் பொறுத்து நிரல் பாதை மாறும் கிளை வேண்டாம் என்று மாஸ்க் (பிட் முகமூடி) வைத்து எழுதியிருந்த வரியை, கிளாங் என்ற கம்பைலர் சில அமைப்புகளில் “புத்திசாலித்தனமாக” கிளையாகவே மாற்றிவிட்டது. சி-யில் கச்சிதம், இயந்திரத்தில் ஓட்டை. அப்புறம் அந்தத் தேர்வை வேறு கோப்புக்கு நகர்த்தி, கம்பைலர் கண்ணில் படாமல் வைத்தார்கள்.

பிட்நகர்த்தி

சரி, இதையும் கேளுங்கள். ஒரு பக்கம் தரநிலைத் தேர்வின் மூன்றாம் சுற்றில் இருந்த பழைய கைபர், மறுபக்கம் எம்எல்-கெம். அளவுகள் எல்லாம் ஒன்றே, டீகேப்ஸின் மறுகுறியாக்கச் சோதனை கூட வெற்றி, எந்தப் பிழையும் இல்லை. ஆனால் பழையதில் கடைசிச் சாவியை எடுக்கும்போது சைபர்டெக்ஸ்ட்டின் ஹேஷும் சேரும், புதியதில் அது கிடையாது. அதனால் இரண்டு பக்கமும் வெவ்வேறு சாவியோடு நிம்மதியாக உட்கார்ந்திருக்கும், அந்தச் சாவியால் ஏஇஎஸ்ஸில் குறியாக்கி அடுத்து வரும் செய்தியின் டேக் (சரிபார்ப்புக் குறி) தோற்கும்போதுதான் தெரியும்.

குறைநினைவகம்

சைபர்டெக்ஸ்ட் கெட்டிருந்தாலும் இதே கதைதானே. இந்தத் திட்டம் பிழை சொல்வதே இல்லை, பேசாமல் ஒரு போலிச் சாவியைக் கொடுத்துவிடும். பாதுகாப்புக்கு அது சரி, பிழை தேடுபவனுக்குத் தண்டனை. நான் சோதனைத் தொகுப்பில் மட்டும் அந்த ஒப்பீட்டின் விடையை வெளியே அச்சிட்டுக்கொள்கிறேன், வெளியீட்டுத் தொகுப்பில் அந்த வரியே இருக்காது.