அம்மாவுக்கு ஜிம்: எதைப் பார்த்துச் சேர்ப்பது?

அம்மாவுக்கு 54 வயது. சர்க்கரை இருக்கிறது, படி ஏறினால் முட்டி வலி. எடைப் பயிற்சி செய்யச் சொல்லியிருக்கிறார் டாக்டர். மதுரை அண்ணா நகரில் வீட்டுப் பக்கம் இரண்டு ஜிம். ஒன்று ஏசி, வருடத்துக்கு மொத்தமாகக் கட்டினால் பாதி விலையாம். இன்னொன்று சின்னது, மாதக் கட்டணம், காலை பத்து மணிக்கு மேல் பெண்களுக்கு மட்டும். எதில் சேர்க்கலாம்?

பதில் 1: சின்னதுதான் என் ஓட்டு. ஆனால் அம்மா போகப்போகிற நேரத்தில் அம்மாவோடு போய்க் கொஞ்ச நேரம் பாருங்கள். குனிந்து எடை தூக்குகிறவரின் முதுகு வளைந்தால் பயிற்சியாளர் ஓடி வந்து திருத்துகிறாரா, போனிலேயே இருக்கிறாரா? என் அம்மாவுக்கு முதலில் நாற்காலியில் உட்கார்ந்து எழுவதைத்தான் கொடுத்தார்கள். அப்புறம்தான் டம்பெல், அதுவும் ஒரு கிலோ. முட்டி வலி என்றதும் டிரெட்மில்லில் ஏற்றிவிடுகிற இடம் வேண்டவே வேண்டாம்.

பதில் 2: இன்சுலின் போடுகிறாரா? உடற்பயிற்சியின்போது சர்க்கரை சட்டென்று இறங்கலாம். சில மாத்திரைகளுக்கும் அப்படித்தான். டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், பையில் குளுக்கோஸ் இருக்கட்டும்.

பதில் 3: ரசீதையும் பாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் ஜிம்முக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம் இல்லை, 5 தான்.

கேட்டவர்: இன்சுலின் இல்லை, மாத்திரைதான். சரி, திங்கட்கிழமை அம்மாவைச் சின்ன ஜிம்முக்குக் கூட்டிப்போய்க் காட்டுகிறேன்.