சிறிய ஒயின் ஆலைக்குச் சுவைத்துப் பார்க்கச் செல்கிறோம்: வழிகாட்டுங்கள்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். தோட்டத்தைப் பராமரிப்பது முதல் ஒயினைப் புட்டியில் அடைப்பது வரை ஒரே குடும்பத்தினர் செய்துவரும் ஒரு சிறிய ஆலைக்கு, முன்பதிவு செய்துகொண்டு நானும் என் மனைவியும் செல்லவிருக்கிறோம். வெள்ளை ஒயினில் தொடங்கிச் சிவப்புக்கும், இனிப்பில்லாததிலிருந்து இனிப்பானதற்கும் செல்வதே வழக்கமான வரிசை என்பதையும், வாசனைத் திரவியம் பூசிச் சென்றால் ஒயினின் மணம் மறைந்துவிடும் என்பதையும் அறிவோம்.

எனக்குள்ள முதன்மையான ஐயம் பீப்பாயிலிருந்து நேரடியாக எடுத்துத் தரும் இளம் ஒயினைப் பற்றியது. அதில் டானின் என்னும் துவர்ப்புப் பொருள் நாவை இறுக்கும் அளவுக்குத் துவர்க்கும். திராட்சையிலுள்ள கூர்மையான மாலிக் அமிலம் பாக்டீரியாக்களால் மென்மையான லாக்டிக் அமிலமாக மாறி முடியாத நிலையில் புளிப்பும் கூர்மையாக இருக்கும். அத்தகைய ஒயின் சில ஆண்டுகளில் எப்படிப் பக்குவப்படும் என்பதை அனுபவமுள்ளவர்கள் எந்த அடையாளங்களைக் கொண்டு கணிக்கிறீர்கள்? என்னைப் பொறுத்தவரை, இந்தப் பயணத்தின் பெரும்பயன் இதைக் கற்றுக்கொள்வதுதான்.

வாகனம் ஓட்டப்போவது நான் என்பதால் ஒவ்வொரு மிடற்றையும் விழுங்காமல் துப்பிவிட வேண்டியிருக்கும். ஒயின் சுவைக்கும் பெரிய கூடங்களில் இது இயல்பானதே. ஆனால், தயாரித்தவரே எதிரில் நின்று ஊற்றித் தரும்போது அதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லதா? அறுவடை நேரத்தில் செல்வது அவர்கள் வேலைக்கு இடையூறாகுமா என்பதையும், சுவைத்த பின் ஒரு புட்டியாவது வாங்குவது எதிர்பார்க்கப்படுகிறதா என்பதையும் தெரிவித்தால் மிகவும் நன்றியுடையவனாக இருப்பேன்.