சூரியன் உதிக்காத ஊரில் விடுமுறை: ட்ரொம்சோ போனவர்கள் சொல்லுங்கள்

மயிலாப்பூர்வாசி:

டிசம்பரில் நார்வேயின் ட்ரொம்சோவுக்குப் போகலாமா என்று பலர் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம் நாங்கள் போனோம். நான், மனைவி, எழுபது தாண்டிய அம்மா. அங்கே நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி நடுப்பகுதி வரை சூரியன் அடிவானத்துக்கு மேலே வருவதே இல்லை. "காசு கொடுத்து இருட்டைப் பார்க்கவா போறீங்க?" என்றார் மாமனார். நியாயமான கேள்விதான்.

ஆனால் நாள் முழுக்கக் கும்மிருட்டு என்று நினைத்துப் பயப்பட வேண்டாம். சூரியன் அடிவானத்துக்குக் கொஞ்சம் கீழேயே நகர்ந்து போவதால் காலை ஒன்பதரையிலிருந்து மதியம் இரண்டு மணி வரை நல்ல வெளிச்சம் இருக்கும். தெற்கே வானம் ரோஜா நிறமாகும், எதிர்ப்பக்கம் மலைப் பனியெல்லாம் நீலமாகத் தெரியும். டார்ச் இல்லாமல் நடக்கலாம், படம் எடுக்கலாம். நிழல் மட்டும் விழாது. அம்மாதான் அதை முதலில் கவனித்துச் சொன்னார்.

திட்டம் முழுக்க இந்த நாலரை மணி நேரத்தைச் சுற்றித்தான் போட வேண்டும். நம் பழக்கத்துக்கு ஒரு நாளைக்கு ஆறு இடம் எழுதி வைப்போம். அங்கே வெளிச்சத்துக்கு ஒன்று, இருட்டுக்கு ஒன்று, அவ்வளவு போதும். 421 மீட்டர் உயரத்துக்குப் போகும் கேபிள் காரை வெளிச்சத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். காற்று பலமாக அடித்தால் அதை நிறுத்திவிடுவார்கள், அதனால் வானம் தெளிந்த முதல் நாளே ஏறிவிடுங்கள். 1965இல் கட்டிய ஆர்க்டிக் கதீட்ரல் இருட்டில்தான் எடுப்பாகத் தெரியும். மூன்று மணிக்கே இரவு ஆகிவிடுவதால் துருவ அருங்காட்சியகத்தை அந்த நேரத்துக்குத் தள்ளலாம். விபத்தில் சிக்கிய இத்தாலிய ஆகாயக் கப்பலின் ஆட்களைத் தேடி 1928 ஜூன் 18 அன்று நார்வேயின் புகழ்பெற்ற துருவப் பயணி ஆமுன்சென் இந்த ஊரிலிருந்துதான் விமானத்தில் கிளம்பினார், திரும்பி வரவே இல்லை. சரியாக ஐம்பது வருடம் கழித்து அதே தேதியில் அந்த அருங்காட்சியகத்தைத் திறந்திருக்கிறார்கள். சின்ன இடம்தான், ஆனால் சீல் வேட்டைக்காரர்களின் குடிசையை உள்ளே அமைத்து வைத்திருப்பதைப் பார்த்துவிட்டு வெளியே வந்தால் நம் குளிரைப் பற்றிப் புலம்ப வாய் வராது.

குளிர் எப்படி? வெப்ப நீரோட்டம் ஓடுகிற கடல் என்பதால் அது உறைவதில்லை. ஜனவரியின் சராசரியே மைனஸ் 4 டிகிரியை ஒட்டித்தான். குளிர்காலத்தில் லடாக் போய் வந்தவர்கள் சிரிப்பார்கள். உண்மையான தொல்லை தரைதான். பனிமேல் மழை பெய்து, அந்த நீர் உறைந்து, நடைபாதை முழுக்க வழுக்கும். ஷூவின்மேல் மாட்டிக்கொள்ளும் முள் பட்டையை அங்கே ப்ரொடர் என்கிறார்கள், இறங்கியதும் முதலில் அதை வாங்குங்கள். கடைக்குள் நுழையும்போது மறக்காமல் கழற்றிவிடுங்கள், டைல்ஸ் தரையில் அதுவே வழுக்கிவிடும்.

அம்மா புடவையை விட மாட்டேன் என்று நின்றுவிட்டார். கடைசியில் உள்ளே மெரினோ கம்பளி மேல் கீழ் இரண்டும், அதன்மேல் புடவை, அதற்கும் மேல் முழங்கால் தாண்டிய கோட்டு என்று உடன்பாடு ஆனது. குளிர் தாங்கியது. ஆனால் புடவைக் கரை பனியில் நனைந்து, பஸ்ஸுக்கு நிற்பதற்குள் அப்பளம் மாதிரி விறைத்துவிடும். உள்ளே பருத்திப் பனியன் மட்டும் வேண்டாம், வேர்வையை இழுத்து வைத்துக்கொண்டு நடுங்க வைக்கும்.

சாப்பாட்டைப் பற்றி ஒன்றே ஒன்று. பருப்புப்பொடி கொண்டு போகலாம், நெய் கூடாது. ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து இறைச்சியும் பால் பொருள்களும் கொண்டுவரத் தடை இருக்கிறது. தேங்காய் எண்ணெய் பாட்டிலில் கல்லாகிவிடும், வாய் அகலமான டப்பாவில் எடுத்துப் போங்கள்.

வடகடல்:

நான் வளர்ந்தது ட்ரொம்சோவுக்கும் வடகிழக்கே, ஃபின்மார்க் கரையில் ஒரு மீன்பிடி ஊரில். எண்பதுகளில் அப்பா மீன் தொழிற்சாலை வேலைக்கு வந்தவர். இலங்கையிலிருந்து வந்த எங்கட ஆக்கள் கனபேர் வடநோர்வேயில் அப்படித்தான் தொடங்கினார்கள். அப்பாவுக்கு இருட்டுக் காலம் பிடிக்காது, நான் பிறந்ததிலிருந்து அதற்குள்தான், ஆகவே எனக்கு அது ஒரு பருவம், அவ்வளவுதான்.

வருகிற ஆக்களுக்கு நான் முதலில் சொல்வது நித்திரையைப் பற்றி. பின்னேரம் மூன்று மணிக்கு வெளியே இருட்டிவிடும், பயணக் களைப்பும் இருக்கும். படுத்தால் போச்சு. இரவு பத்துக்கு எழும்பி விடியும் வரை முழித்திருப்பீர்கள், பிறகு அந்தக் கொஞ்ச வெளிச்சத்தையும் நித்திரையில் தொலைப்பீர்கள். மழையோ பனியோ, பகல் பதினொரு மணிக்கு வீட்டுக்கு வெளியே நில்லுங்கள். நோர்வே மொழிப் பெயரில் 'ர்' வருகிற மாதமெல்லாம் மீன் எண்ணெய் குடிக்க வேண்டும் என்பது இங்கத்தைய பழக்கம். செப்டம்பர் முதல் ஏப்ரில் வரை அம்மா கரண்டியோடு நிற்பா. உங்களுக்கு அது தேவையில்லை.

கட்டாயம் வேண்டியது ரிஃப்ளெக்ஸ். கோட்டில் தொங்கவிடுகிற ஒளிபட்டால் மின்னும் சின்னப் பட்டை. கறுப்பு ஜாக்கெட் போட்டுக்கொண்டு இருட்டு வீதியில் நடந்தால் வாகனம் ஓட்டுகிறவர் கிட்ட வந்த பிறகுதான் காண்பார். இங்கே பள்ளிப் பிள்ளையிலிருந்து கிழவி வரை எல்லாரும் போடுவார்கள், உல்லாசப் பயணிகள் மட்டும் போடமாட்டார்கள்.

டிசம்பர் 24ஆம் திகதி பின்னேரம் ஊர் பூட்டிவிடும். 25, 26 பெரிய கடைகள் இல்லை, பஸ்ஸும் குறைவு. ஞாயிற்றுக்கிழமையிலும் பெரிய சுப்பர்மார்க்கெட்டுகள் பூட்டுத்தான். பாணும் பாலும் முதல் நாளே வாங்கி வையுங்கள்.

காமிராக்காரன்:

துருவ ஒளியைப் பற்றி யாரும் சொல்லவில்லையே, அதற்காகத்தானே எல்லாரும் போகிறோம். முதல் இரவு துருவ ஒளி தேடிக் கூட்டிப்போன சுற்றுலா வண்டியை ஓட்டிய பெண் வானத்தைக் காட்டினார். சாம்பல் நிறத்தில் ஒரு பட்டை, மேகம் என்றே நினைத்தேன். போனை எடுத்து நைட் மோடில் மூன்று விநாடி பிடித்தேன். திரையில் பச்சை! மங்கலான ஒளியில் நம் கண்ணுக்கு நிறம் சரியாகத் தெரியாது, காமிரா பொறுமையாக ஒளியைச் சேர்த்துக்கொள்ளும். பிறகு ஒரு இரவு அது நிஜமாகவே ஆடியது. பச்சையும், ஓரத்தில் இளஞ்சிவப்பும் வெறும் கண்ணுக்கே தெரிந்தது. ஆனால் எல்லா இரவும் அப்படி வரும் என்று படங்களைப் பார்த்து நம்பாதீர்கள்.

கேபி எண்ணை (பூமியின் காந்தப்புலம் எவ்வளவு கலங்கியிருக்கிறது என்பதை 0 முதல் 9 வரை சொல்லும் அளவு) பார்த்துக் கவலைப்படுவதும் வீண். ட்ரொம்சோ துருவ ஒளி வளையத்துக்கு நேர் கீழே இருக்கிறது, கேபி 2 இருந்தாலே தெரியும். எதிரி மேகம்தான். அதனால் ஊர்க்காரர்கள் பார்க்கிற Yr வானிலைச் செயலியில் மேக வரைபடத்தைப் பாருங்கள். கரையில் மேகமாக இருந்தால் வண்டிகள் உள்நாட்டுப் பக்கம், சில இரவு ஃபின்லாந்து எல்லை தாண்டிக் கில்பிஸ்யார்வி வரைகூடப் போகும். பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும். அங்கே மைனஸ் 25 எல்லாம் சாதாரணம், ட்ரொம்சோ குளிரை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். இந்தப் பயணத்தைக் கடைசி இரவுக்கு வைக்காமல் முதலிலேயே வையுங்கள், மேகமாக இருந்தால் மறுபடி போக இரவுகள் மீதி இருக்கும்.

பேட்டரியைச் சட்டைப்பைக்குள் உடம்புச் சூட்டில் வைத்திருங்கள். அறைக்குள் நுழையும் முன்பே காமிராவைப் பிளாஸ்டிக் பைக்குள் போட்டுக் கட்டிவிடுங்கள். இல்லையென்றால் லென்ஸ் முழுக்க வேர்த்துவிடும்.

ஈரோட்டுப்பெண்:

திமிங்கிலம் பார்க்க ஷேர்வோய் பக்கம் போனோம். ஹெர்ரிங் மீன் கூட்டத்தைத் துரத்திக்கொண்டு நவம்பரிலிருந்து ஜனவரி வரை ஓர்க்காவும் கூன்முதுகுத் திமிங்கிலமும் வருகின்றன. ட்ரொம்சோவிலிருந்து படகில் போக மட்டும் மூன்று மணி நேரத்துக்கு மேல். என் வீட்டுக்காரர் வாந்தி மாத்திரையைச் சூட்கேஸிலேயே வைத்துவிட்டு வந்தார். மற்றதை நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்.

புதுமுகம்:

மூணு வயசுக் குழந்தையோடு போக டிசம்பரா பிப்ரவரியா? யாராவது சொல்லுங்களேன்.

வடகடல்:

பெப்ரவரி. யோசிக்கவே வேண்டாம். ஜனவரி 21 அளவில் மலைக்கு மேலால் சூரியன் திரும்ப வரும், அன்று ஊர் முழுக்கச் சீனி தூவின பன் சாப்பிடுவோம். பெப்ரவரி நடுவில் பகல் ஏழு மணித்தியாலம் ஆகிவிடும், இரவும் துருவ ஒளிக்குப் போதுமான நீளம். திமிங்கிலம் மட்டும் அப்போது இராது. பெப்ரவரி 6 இங்கத்தைய பழங்குடிகளான சாமி (Sámi) மக்களின் தேசிய நாள், அதையொட்டிய வாரத்தில் ட்ரொம்சோவின் பிரதான வீதியிலேயே கலைமான் (ரெயின்டீர்) ஓட்டப் போட்டி நடக்கும். பிள்ளைக்கு அது பிடிக்கும். அந்த வாரம் அறைகள் கெதியாக முடிந்துவிடும், விலையும் ஏறும். விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம், ஆகவே இரண்டையும் ஆகஸ்டிலேயே தொடங்குங்கோ.