மறு: ஆஸ்டெக் ‘ட்லாகோட்லி’க்குத் தமிழில் என்ன சொல்?

வணக்கம். பழைய மெக்சிகோவின் ஆஸ்டெக் சமூகத்தைப் பற்றிய மொழிபெயர்ப்புக்கான நம் சொற்பட்டியலில், விலைக்கோ கடனுக்கோ தண்டனையாகவோ பிறருக்கு ஆளானவரைக் குறிக்கும் ‘ட்லாகோட்லி’க்கு எந்தச் சொல்லைப் போடுவது என்ற கேள்விக்கு என் பதில் இது.

> ‘அடிமை’ என்றே போட்டுவிடலாமே, எல்லோருக்கும் புரியும்.

புரியும், அதுதான் சிக்கல். அடிமை என்றதும் நமக்கு நினைவு வருவது சுந்தரர் கல்யாணப் பந்தலில் கிழவர் நீட்டிய ஓலை. நானும் எனக்குப் பின் வரும் மரபினரும் வழிவழியாகத் தொண்டு செய்வோம் என்று பாட்டன் எழுதிக் கொடுத்தது. பேரன் பிறக்கும் முன்பே ஆளாகிவிட்டான். ஆஸ்டெக் தலைநகர் டெனோச்டிட்லானில் கதை வேறு. ட்லாகோட்லியின் பிள்ளை சுதந்திரமாகவே பிறந்தது. ட்லாகோட்லி சொத்து சேர்க்கலாம், யாரையும் மணக்கலாம், தனக்கென்று ஒரு ட்லாகோட்லியை வாங்கி வைத்துக்கொள்ளவும் செய்யலாம்!

அப்புறம், ஒருவர் ட்லாகோட்லி ஆன விதத்தைப் பாருங்கள். பட்டோல்லி என்ற சூதாட்டத்தில் எல்லாவற்றையும் தோற்றவர் சாட்சிகள் முன்னிலையில் தன்னையே விற்பார். விலை 20 பருத்தித் துணி. துணியை வாங்கியதும் வேலைக்குப் போக வேண்டியதில்லை. அது செலவாகித் தீரும்வரை, ஏறக்குறைய ஓராண்டு, தன் விருப்பப்படி இருந்துவிட்டுப் பிறகு எசமானர் வீட்டுப் படியேறுவார். திருடியவர் பொருளைத் திருப்பிக் கொடுக்க வழியில்லாவிட்டால் பறிகொடுத்தவருக்கே ஆளாவார். 1454-ஆம் ஆண்டை ஒட்டிய கொடும் பஞ்சத்தில் பிள்ளைகளை மெக்சிகோ வளைகுடாக் கரையில் வாழ்ந்த டோடோனாக் மக்களிடம் மக்காச்சோளத்துக்கு விற்றார்கள். பெண்ணுக்கு 400 கதிர், பையனுக்கு 500 என்று பழைய குறிப்புகள் சொல்கின்றன. (இந்த வரியை மொழிபெயர்த்த அன்று வேறு வேலை ஓடவில்லை.)

> ‘மீளா அடிமை’ என்பது தேவாரச் சொல். அதைத் திருப்பி ‘மீளடிமை’ என்றால்? அல்லது ‘மீளாள்’?

அழகான யோசனை, இரண்டு நாள் இதையே பிடித்துக்கொண்டிருந்தேன். ஆனால் இன்று ‘மீள்’ என்று தொடங்கினால் மீள்பதிவு, மீள்குடியேற்றம் என்றுதான் ஓடுகிறது. மறுபடியும் அடிமையானவர் என்று படித்துவிடுவார்கள். ‘மீளாள்’ இன்னும் மோசம். ‘அவள் மீள மாட்டாள்’ என்றும் படிக்கலாம். நாம் சொல்ல வந்ததற்கு நேர் எதிர்!

பொருளளவிலும் ஒரு தடை இருக்கிறது. எல்லா ட்லாகோட்லியும் மீளவில்லை. சொன்ன பேச்சுக் கேட்காதவரை, எச்சரித்த பிறகு, மரத்தாலான கழுத்துப்பட்டை மாட்டி அஸ்கபோட்சால்கோ சந்தையில் விற்கலாம். அங்கே போச்டெகா வணிகர்கள் பலிக்கு ஆள் வாங்கினார்கள். நன்றாக ஆடத் தெரிந்தவருக்கு 40 துணி, மற்றவருக்கு 30. கழுத்துப்பட்டையோடு ஓடி அரண்மனைக்குள் நுழைந்துவிட்டால் விடுதலை. உரிமையாளரும் அவர் மகனும் தவிர வேறு யார் வழிமறித்தாலும் மறித்தவரே ட்லாகோட்லி ஆவார் என்ற விதியும் உண்டு.

ஆகவே வெளியேறும் வழியை வைத்துச் சொல் அமைப்பதை விட, உள்ளே வந்த காரணத்தை வைத்து அமைப்பது மேல். என் பரிந்துரை ஈட்டடிமை. ஈடு என்றால் அடகு. தன்னை விற்றவருக்கும் விற்கப்பட்ட பிள்ளைக்கும் அது பொருந்தும். ஈடு என்றால் இழப்புக்கு மாற்றும்தான். திருடனுக்கு அது பொருந்தும். ஒரே சொல்லில் இரண்டும் அடங்குகிறது. போரில் பிடிபட்டவர் இதில் வரமாட்டார். ஆஸ்டெக்குகளின் மொழியான நாவாட்டில் அவருக்கு ‘மல்லி’ என்று தனிப்பெயர். போர்க்கைதி என்றாலே போதும்.

> முழுக்கப் பரம்பரை இல்லை என்று சொல்லிவிட முடியுமா?

முடியாது, சரியாகப் பிடித்தீர்கள். ஒரு குடும்பம் தலைமுறைதோறும் ஓர் ஆளை அனுப்புவதாக ஒப்புக்கொள்ளும் வழக்கம் இருந்தது. பஞ்ச ஆண்டான 1505இல் டெஸ்கோகோ அரசர் நெசவால்பில்லி அதை ஒழித்தார். அதுவும் கடனுக்கு ஈடாகத்தான் என்பதால், ‘வழி ஈட்டடிமை’ என்று ஒரு முன்னொட்டு சேர்த்தால் சரியாகிவிடும்.

மற்ற சொற்களில் எனக்குப் பெரிய சண்டை இல்லை. பிபில்டினுக்கு ‘உயர்குடி’ போதும். ‘மேட்டுக்குடி’ இன்று கிண்டலாகிவிட்டது. மசெவால்லிக்குக் ‘குடியானவர்’ நன்றாக உட்காருகிறது: கல்பூல்லி என்ற ஊர்ப்பிரிவின் பொது நிலத்தில் பயிரிட்டு, வரியும் பொதுவேலையும் செலுத்தியவர். சுமை தூக்குபவரான ட்லமெமேவுக்குச் ‘சுமட்டாள்’ மட்டும் வேண்டாம். சுமாடு தலைமேல் வைப்பது. இவர் சுமந்தது முதுகில். வாரை நெற்றியில் மாட்டி, ஏறக்குறைய 23 கிலோவோடு மலைப்பாதையில் நடந்தவர். ‘முதுகுச்சுமையாளர்’ என்று போட்டிருக்கிறேன், கொஞ்சம் நீளம்தான்.

‘ஈடடிமை’ என்று டகரம் இரட்டிக்காமல் எழுதலாமா என்று ஒருவர் தனிமடலில் கேட்டார். ஈட்டுக்கடன், ஈட்டுப்பத்திரம் வரிசையில் ஈட்டடிமைதான் நிற்கும். வெள்ளிக்கிழமை வரை மறுப்பு வராவிட்டால் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.